ராப் பாடகரின் வீட்டில் யார் யார் வேலை செய்கிறார்கள்?

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்த மாலிக் டெய்லருக்கு நீரிழிவு இருப்பது 1990இல் தெரியவந்தது. அவருடைய குழுவான 'எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்' முதல் ஆல்பத்தை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஃபைஃப் டாக் என்ற மேடைப் பெயரில் அவர் புகழோடு இருந்த காலமெல்லாம் நோயும் கூடவே முற்றியது. கடைசியில் சிறுநீரகங்கள் கைவிட்டன. 2008இல் அவருக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தவர் மனைவி டெய்ஷா. மைக்கேல் ரப்பபோர்ட் இயக்கி 2011இல் வந்த ஆவணப்படத்தில் இது பதிவாகியிருக்கிறது. அந்தச் சிறுநீரகமும் நிலைக்கவில்லை. 2016 மார்ச்சில் 45 வயதில் ஃபைஃப் இறந்தார். ஹிப்-ஹாப் பற்றி எழுதுகிறவர்கள் டெய்ஷாவை ஒரு வரியில் நெகிழ்ச்சியோடு குறிப்பிட்டுவிட்டுத் தாளத்தையும் சொல்வளத்தையும் பேசப் போய்விடுகிறார்கள். அவர் செய்ததை அப்படி ஓரத்தில் வைப்பது தவறு என்று நினைக்கிறேன். ராப் கலைஞரின் மனைவி (சில வீடுகளில் கணவர்) அன்றாடம் செய்வது அந்த இசையை உண்டாக்கும் வேலையின் ஒரு பகுதி. இசைத்தொழிலின் கணக்கில் அதற்கு இடமே கிடையாது. சட்டமாவது பார்க்கிறதா என்றால், மணமுறிவின்போதும் மரணத்தின்போதும்தான் பார்க்கிறது, அதுவும் அரைகுறையாக.

ஹிப்-ஹாப் பெரும்பாலும் இரவுத் தொழில். கிளப்பில் பாடகர் மேடையேறவே நள்ளிரவாகும். ஸ்டூடியோ வேலை விடியும்வரை நீளும். பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரத்தில் அப்பா தூங்கப் போவார். 1980களின் பிற்பகுதியில் எஸ்பி-1200, எம்பிசி-60 ஆகிய கருவிகள் வந்ததும் தாளம் அமைக்கும் வேலை வீட்டுக்குள் நுழைந்தது. பிறகு மடிக்கணினி வந்து துணி அலமாரியைக்கூடக் குரல் பதிவு செய்யும் அறையாக்கிவிட்டது. வீடே பட்டறையான பிறகு அங்கே குடியிருக்கும் மற்றவர்கள் பட்டறையின் ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டும். பதிவு நடக்கும்போது குழந்தை அழக்கூடாது. பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்த நான்கு விநாடித் துணுக்கு மாலை முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடும். கூட்டாளிகள் வேளை பார்க்காமல் வருவார்கள், பசியோடும் வருவார்கள். சுற்றுப்பயணக் காலத்தில் வீட்டிலிருப்பவர் வாரக்கணக்கில் இரண்டு பேர் வேலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். ராப் பாடகர் எம்எஃப் டூமின் குடும்பம் பட்டது இதில் உச்சம். லண்டனில் பிறந்து நியூயார்க் பக்கம் வளர்ந்த அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லை. 2010இல் ஐரோப்பியக் கச்சேரிகளை முடித்துத் திரும்பியவரை நாட்டுக்குள் விடவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மனைவியும் பிள்ளைகளும் ஒரு கண்டத்தில், அவர் இன்னொரு கண்டத்தில்.

பணம் வரும் விதமும் சம்பளக்காரர் வீட்டைப் போன்றதல்ல. இசை நிறுவனம் கொடுக்கும் முன்பணத்தைப் பெரிய தொகையாகச் செய்தித்தாள் எழுதும். ஆனால் அந்த முன்பணமும் ஸ்டூடியோ செலவும் கலைஞரின் ராயல்டியில் கழிந்து தீர்ந்த பிறகுதான் அடுத்த காசு அவர் கைக்கு வரும். நன்றாக விற்ற ஆல்பத்துக்கும் பல ஆண்டுகள் ஒன்றும் வராமல் போவதுண்டு. பிறருடைய இசையிலிருந்து துணுக்கெடுத்துப் பயன்படுத்துவதற்கு 1991இல் வந்த ஒரு நியூயார்க் தீர்ப்பு கடிவாளம் போட்டபின், ஒவ்வொரு துணுக்குக்கும் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி வருமானத்திலும் பங்கு கொடுக்க வேண்டியதாயிற்று. 'டி லா சோல்' குழு 1989இல் வெளியிட்ட முதல் ஆல்பம் ஹிப்-ஹாப்பின் செவ்வியல் படைப்புகளில் ஒன்று. ஆனால் துணுக்கு அனுமதிகளிலும் ஒப்பந்தச் சிக்கல்களிலும் மாட்டிக்கொண்டு அது ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு 2023 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. உலகமே ஸ்ட்ரீமிங்குக்கு மாறிய அந்த நீண்ட இடைவெளியில் குழுவினர் மூவரின் வீடுகளும் அந்த வருமானம் இல்லாமலே ஓடின. கேட்கிறவர் பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போகலாம். மாதம் பிறந்தால் வாடகை கட்ட வேண்டியவரின் நிலை வேறு.

அப்படியானால் வீடு எதில் ஓடியது? பெரும்பாலான, பெயர் தெரியாத கலைஞர்களின் வீடுகளில் துணைவரின் மாதச் சம்பளத்தில்தான். அமெரிக்காவில் மருத்துவ இன்சூரன்ஸ் பெரும்பாலும் வேலையோடு ஒட்டி வருவது; பாடகருக்கு முதலாளி கிடையாது. நீரிழிவு உள்ளவர் தனியாக இன்சூரன்ஸ் எடுக்கப் போனால், ஏற்கெனவே நோய் இருப்பதைக் காட்டிப் பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனங்கள் மறுத்துவிட முடியும் என்ற நிலை 2014வரை நீடித்தது. பள்ளியிலோ வங்கியிலோ மருத்துவமனையிலோ வேலைக்குப் போகும் மனைவியின் இன்சூரன்ஸ் அட்டை அந்த வீட்டில் எவ்வளவு பெரிய சொத்து என்று சொல்லத் தேவையில்லை. ட்ரைப் குழு 2006இல் மறுபடி ஒன்றுசேர்ந்து மேடையேறியதற்கு ஃபைஃபின் மருத்துவச் செலவும் ஒரு காரணம். சிறுநீரகங்கள் கைவிட்டவருக்குச் செய்யும் டயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அப்படிப்பட்ட நாட்களுக்கு நடுவே ஒருவர் எழுதவும் பாடவும் முடிந்திருந்தால், மருந்து வேளையையும் சாப்பாட்டையும் மருத்துவமனைப் போக்குவரத்தையும் இன்னொருவர் கவனித்திருக்கிறார் என்றுதான் பொருள்.

இது மனைவிமாரைப் புகழ்வதற்காகப் புதிதாகக் கண்டுபிடித்த கோணமல்ல. இந்தக் கலையின் பிறப்பிலேயே குடும்ப உழைப்பு இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் நடந்த விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க் வரலாற்று நாயகர் ஆனார். பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க வேண்டும் என்று அந்த விருந்துக்கே ஏற்பாடு செய்தவர் அவர் தங்கை சிண்டி கேம்ப்பெல். முதல் பெரிய ராப் வெற்றியை 1979இல் தயாரித்து வெளியிட்ட சில்வியா ராபின்சன் கணவரோடு சேர்ந்து இசை நிறுவனம் நடத்திய பெண்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: லாரி ஓட்டுநர், கப்பல் ஊழியர், ராணுவ வீரர் வீடுகளிலும் மனைவிதானே தனியாகக் குடும்பத்தை இழுக்கிறார்? இழுக்கிறார். ஆனால் ராணுவ வீரரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் என்று ஒரு விதி இருக்கிறது. லாரி ஓட்டுநர் தன் தாம்பத்தியத்தைச் சரக்காக ஏற்றிக்கொண்டு போவதில்லை. ராப் அப்படியல்ல. 'நான்' என்று தொடங்கி, சொந்தப் பெயரோடும் தெருப் பெயரோடும் உண்மை வாக்குமூலமாக நிற்பதில்தான் அதன் பெருமையே இருக்கிறது. கவிஞர்களும் நாவலாசிரியர்களும்கூட மனைவியை எழுதியிருக்கிறார்கள் என்பது சரிதான். ஆனால் நாவல் வாசகர் அதைப் புனைவு என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ராப் கேட்பவர் சாட்சி சொல்வதாகவே கேட்கிறார். பாட்டில் வரும் பெண்ணை மறுநாள் காய்கறிக் கடையில் அடையாளம் காண்கிறார்.

ராப் பாடகர் நாஸ், கெலிஸ் தம்பதியின் கதையைப் பாருங்கள். இருவரும் 2005இல் மணந்தார்கள். 2009இல் கர்ப்பமாக இருந்த கெலிஸ் மணமுறிவு கேட்டு விண்ணப்பித்தார். 2012இல் நாஸ் வெளியிட்ட ஆல்பத்தின் அட்டையில், கெலிஸின் பச்சைநிறக் கல்யாண உடையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆல்பம் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. அது நல்ல ஆல்பம். நாஸின் பிற்காலப் படைப்புகளில் முதிர்ச்சியானது என்றே சொல்வேன். அதனால்தான் கேள்வி கனமாகிறது. கெலிஸும் பாடகர், அவருக்கும் மேடை உண்டு. ஆனாலும் உலகம் முதலில் பார்த்தது நாஸ் சொன்ன கதையைத்தான். தன் வாழ்க்கையைப் பாட ஒருவருக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அந்த வாழ்க்கையில் பாதி இன்னொருவருடையது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். பாடகி பியான்சே 2016இல் தன் ஆல்பத்தில் துரோகத்தைப் பாடினார். அவர் கணவரான ராப் பாடகர் ஜே-ஸீ 2017இல் தன் ஆல்பத்தில் தவறை ஒப்புக்கொண்டார். 2018இல் இருவரும் சேர்ந்தே ஓர் ஆல்பம் கொடுத்தார்கள். சம பலமுள்ள இருவர் என்பதால் இது உரையாடல் ஆயிற்று. ஒலிவாங்கி இல்லாத மனைவிக்கு அந்த வாய்ப்பே வராது.

பணக்கார வாழ்க்கை கிடைக்கிறதே, அது போதாதா என்பது இன்னொரு மறுப்பு. மாளிகையும் கார்களும் வீடியோவில் தெரிவதால் வரும் எண்ணம் இது. அப்படி வாழ்கிறவர்கள் இத்தொழிலில் மிகச் சிலர். அந்தச் சிலர் வீட்டிலும் மனைவி வெறுமனே செலவு செய்துகொண்டிருக்கவில்லை. ராப் பாடகர் ஈஸி-ஈ 1995 மார்ச்சில் எய்ட்ஸ் நோயோடு மருத்துவமனையில் கிடந்தபோதுதான் டோமிகா வுட்ஸை மணந்தார்; அந்த மாதமே இறந்தார். கைக்குழந்தையோடும் வயிற்றில் இன்னொரு குழந்தையோடும் இருந்த டோமிகா, சொத்து வழக்குகளுக்கு நடுவே கணவரின் ரூத்லெஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைக் கையிலெடுத்துப் பல ஆண்டுகள் நடத்தினார். ஸ்னூப் டாக் தன் பள்ளிக்காலத் தோழி ஷாண்டேயை 1997இல் மணந்து, 2004இல் மணமுறிவு கேட்டு, பிறகு சேர்ந்து, 2021இல் அவரைத் தன் மேனேஜர் என்று அறிவித்தார். அத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் அவர் வேலைக்கு ஒரு பதவிப் பெயர் கிடைத்தது. பெண் கலைஞர்களின் கணவர்களையும் விட்டுவிடக்கூடாது. ரெமி மா 2008இல் எட்டு ஆண்டுத் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். 2014இல் அவர் வெளிவரும்வரை கணவர் பாபூஸ் காத்திருந்தார். அவரும் ராப் பாடகர்தான். ஆண் செய்தபோது அதைக் காவியம் என்றார்கள். பெண்கள் செய்யும்போது கடமை என்று கடந்துபோகிறார்கள்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு வேறு. அன்பினால் செய்வதற்குக் கணக்கு எழுதலாமா, தாம்பத்தியம் என்ன கூலி வேலையா? ஹிப்-ஹாப்பே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஒரு பாட்டு முடிந்ததும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று தாளில் எழுதிக் கையெழுத்திடுவது அங்கே வழக்கம். கையெழுத்திடுகிறவர்கள் ஒரே தெருவில் வளர்ந்த நண்பர்கள், அண்ணன் தம்பிகள். அறையில் உட்கார்ந்திருந்து பல்லவிக்கு ஒரு வரி எடுத்துக்கொடுத்தவருக்கும் பங்கு உண்டு. அதனால் நட்பு கெட்டுவிட்டதாக யாரும் வருந்துவதில்லை; எழுதாமல் விட்டபோதுதான் கெட்டிருக்கிறது. பாட்டை எழுதியவர் என்று மனைவியின் பெயரையும் போடச் சொல்லவில்லை. எழுதாதவர் எழுதியவர் ஆக முடியாது. ஆனால் ஒருவருடைய தொழில் வளர்ந்ததில் கிடைத்த சொத்தில், அதை வளர்த்த இன்னொருவருக்கும் பங்குண்டு என்பது வேறு விஷயம்.

இதை ஒரு நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. 1991இல் நியூயார்க்கில் வந்த எல்கஸ் வழக்கில் புகழ்பெற்ற ஓபரா பாடகியின் கணவர், தான் குரல்பயிற்சி கொடுத்ததையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதையும் முன்வைத்தார். அவர் பங்களித்த அளவுக்கு, பாடகியின் புகழும் தொழில் வளர்ச்சியும் பங்கிடத்தக்க மணவாழ்க்கைச் சொத்தே என்று தீர்ப்பானது. ஹிப்-ஹாப் பிறந்த ஊரில் இருந்த இந்த வழியை 2016இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் அடைத்துவிட்டது. பிரபலத்தால் கூடும் சம்பாதிக்கும் திறன் இனிப் பங்கிடும் சொத்தல்ல. துணைவரின் பங்களிப்பை மற்றச் சொத்துகளைப் பிரிக்கும்போது நீதிபதி கருத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். திறனுக்கு விலை மதிப்பது கடினம் என்பது திருத்தத்தை ஆதரித்தவர்களின் நியாயம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கைவசம் வேறு சொத்து இல்லாமல் பெயரும் குரலும் மட்டுமே உள்ள கலைஞரின் மனைவிக்கு, பிரித்துக்கொள்ள என்ன மிஞ்சும்? கலிஃபோர்னியா இதில் மேல்: மணவாழ்க்கைக் காலத்தில் உருவான படைப்பின் பதிப்புரிமை இருவருக்கும் பொது என்று 1987இலேயே அங்கே தீர்ப்பு இருக்கிறது.

மரணத்துக்குப் பிறகான சட்டம் இன்னும் கவனிக்கத்தக்கது. 1978 முதல் எழுதிக்கொடுத்த உரிமைகளை, பொதுவாக 35 ஆண்டுகள் கழித்துப் படைத்தவர் திரும்பப் பெறலாம் என்கிறது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். ஒலிப்பதிவுகள் கூலிக்குச் செய்த வேலை என்று சொல்லி இசை நிறுவனங்கள் இதை எதிர்க்கின்றன. சால்ட்-என்-பெப்பா ராப் குழு 2025இல் வழக்குப் போட்டது இது பற்றித்தான். படைத்தவர் இறந்துவிட்டால் அந்த உரிமையில் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இல்லையென்றால் முழுவதும் மனைவிக்கு. ஃபைஃப் போன்றவர்களின் வீடுகளில் 35 ஆண்டுக் கணக்கு இப்போதுதான் நிறையத் தொடங்குகிறது. ஆனால் சட்டம் சொல்லும் மனைவி, இறக்கும்போது மனைவியாக இருந்தவர் மட்டுமே. ராப் பாடகர் டிஎம்எக்ஸின் முதல் ஐந்து ஆல்பங்களும், 1998 முதல் 2003 வரை, பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தன. அந்த ஆண்டுகளில் வீட்டை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தவர் மனைவி டஷேரா; இருவரும் 2010இல் பிரிந்தார்கள். உயில் எழுதாமல் 2021இல் டிஎம்எக்ஸ் இறந்தபோது அவருக்கு 15 பிள்ளைகள், சட்டப்படி மனைவி யாருமில்லை. அந்த முதல் ஆல்பங்களுக்கு 2033ஐ ஒட்டித் தொடங்கி உரிமை கேட்க முடிந்தால், கேட்கக்கூடியவர்கள் பிள்ளைகள் மட்டுமே. டஷேராவுக்கும், அவரைப் போல வெற்றிக்காலம் முழுக்க உடனிருந்து பிறகு பிரிந்த பெண்களுக்கும், அவர்கள் உடனிருந்த ஆண்டுகளின் அளவுக்காவது அந்தச் சட்டத்தில் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும்.