விசா முடிந்தால் நாய் என்ன ஆகும்?

வேலி எத்தனை அடி, வீட்டு ஓனர் சம்மதித்தாரா என்ற கேள்விகளுக்கெல்லாம் பட்டென்று பதில் எழுதிவிட்டேன். "நீங்கள் ஊரைவிட்டுப் போக நேர்ந்தால் நாய் என்ன ஆகும்?" என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. நான் இருப்பது எச்-1பி விசாவில். வேலை போனால் 60 நாள்தான் கெடு.

நான் வாழும் ஃபுளோரிடாவில் கிரேஹவுண்ட் பந்தயத்தை நிறுத்தச் சொல்லி 2018-ல் மக்கள் வாக்களித்தார்கள். 2020 முடிவோடு ஓட்டம் நின்றது. ஓடி ஓய்ந்த நாய்களுக்கு வீடு தேடவென்றே இந்த இனத்துக்குத் தனி மீட்புக் குழுக்கள் உண்டு. அப்படி வந்ததுதான் எங்கள் நாய். காதுக்குள் பச்சை குத்திய எண். கூண்டும் மைதானமும் தவிர வேறு அறியாததால் படியேறவே தெரியவில்லை. "காசு குடுத்தா குட்டியாவே வாங்கலாமேடா" என்றார் அம்மா.

விண்ணப்பத்தில் உண்மையையே எழுதினேன். வீடு பார்க்க வந்த பெண்மணி முகம் சுளிக்கவில்லை, ஒப்பந்தத்தைக் காட்டினார். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு யாரிடமும் கொடுக்காமல் அவர்களிடமே திருப்பித் தரவேண்டும்.

ஊருக்குக் கூட்டிப்போகவும் வழி இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டு இந்தியாவுக்கே குடிபெயர்பவர் செல்லப்பிராணியைக் கொண்டுபோகலாம். தடுப்பூசி, மருத்துவச் சான்று, தடையில்லாச் சான்று வேண்டும். நான் இப்போதே ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன்.

நாய் வளர்க்க ஆசைப்படும் நண்பர்களே, முதலில் அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள். பிறகு நாயைப் பார்க்கப் போங்கள்.