குட்டியானைக்குள் ஒரு குடில்

சேலத்தில் சித்திரை வெயில் தகிக்கத் தொடங்கியதும் ஏற்காட்டை நோக்கிக் கிளம்புகிற ஜனத்திரளில், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்ச் சேர்ந்த பின் தங்க அறை கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள் எப்போதும் உண்டு. கோடை விழா நடக்கும் மே மாதத்தில் கூட்டமும் வாடகையும் ஒருசேர ஏறிவிடுவதால், சாமானியக் குடும்பங்கள் அன்று மாலையே மலையிறங்கிவிடுவதும் உண்டு. வாரம் முழுவதும் காய்கறியும் உரமூட்டையும் ஏற்றிப் பிழைப்பு நடத்தும் ஒருவர், தம் சிறு சரக்கு வண்டியின் பின்புறத்தையே இரண்டு நாளைக்குப் படுக்கையறையாக்கிக்கொண்டு, நாகலூர்ப் பக்கத்தில் தெரிந்தவருடைய காப்பிக் களத்தில் அனுமதி கேட்டு நிறுத்தி, நிம்மதியாக உறங்கி எழுந்து வரலாம் என்றால், அந்த ஏற்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே விசாரிப்பது தகும்.

வாகனத்துக்குள் வாசஸ்தலம் அமைக்கும் யோசனை நமக்கு அந்நியமானதன்று. பிரிட்டிஷ் கடற்படையில் வைத்தியராக இருந்த கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 1885-இல் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் 'வாண்டரர்' என்னும் குதிரை வண்டியைக் கட்டுவித்து உல்லாசப் பிரயாணம் புறப்பட்டதையே மேல்நாட்டார் இந்தச் சரித்திரத்தின் ஆரம்பமாகச் சொல்வார்கள். நம் குடியானவர்களோ கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, வண்டிக்கு அடியில் கட்டிய சாக்கில் மாட்டுத் தீவனத்தைத் தொங்கவிட்டு, குழந்தை குட்டிகளோடு குலதெய்வத்தின் திருவிழாவுக்குப் போய், மூன்று நாளும் வண்டி நிழலிலேயே சமைத்து உண்டு உறங்கித் திரும்பினார்கள். படுப்பதற்கு மேலே இடம், கனத்துக்குக் கீழே இடம் என்று அவர்கள் வகுத்துக்கொண்ட முறை, இன்றைய மோட்டார் வண்டிக்கும் அப்படியே பொருந்தும்.

இந்த வித்தையை இன்றும் நித்திய ஜீவனமாக நடத்துகிறவர்களைக் காண ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன நாமக்கல்லில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பலகைப் படுக்கையும், தலைக்குமேல் சாமான் வைக்கச் சிறு பரணும் அமைத்துக் கொடுப்பது சர்வ சாதாரணமான வேலை. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டப் புறப்படும் ரிக் வண்டிகளோ மாதக்கணக்கில் வட மாநிலங்களில் சஞ்சரிப்பவை. அவற்றோடு போகிற தொழிலாளர்களுக்கு அந்த வண்டிகளே வீடும் அடுக்களையும். பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டட வடிவமைப்பாளர் அருண் பிரபு 2019-இல் ஓர் ஆட்டோவின்மேல் அமைத்துக் காட்டிய 'சோலோ 0.1' என்னும் நடமாடும் வீடும் இந்த மண்ணில் விளைந்ததுதான். வெறும் 36 சதுர அடிக்குள் படுக்கை, சமையலிடம், கழிப்பிடம், 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சூரியத் தகடு ஆகியவற்றைப் பழைய சாமான்களைப் பெரிதும் கொண்டு சுமார் ஒரு லட்ச ரூபாயில் அவர் அடக்கியதைக் கண்டு தேசமெங்கும் பலர் வியந்தார்கள். அந்த வீடு ஆட்டோவோடு பற்றவைக்கப்படாமல் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் விஷயத்தின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, 2005-இல் சந்தைக்கு வந்து நம் ஜனங்களால் 'குட்டியானை' என்று செல்லமாக அழைக்கப்படும் டாட்டா ஏஸ் வண்டியையே எடுத்துக்கொள்வோம். அதன் சரக்குத் தட்டு ஏறக்குறைய ஏழேகால் அடி நீளமும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ளது. தாங்கும் பளு சுமார் 750 கிலோ. எட்டுக்கு நான்கடி அளவுள்ள 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று இருபது கிலோவை ஒட்டி நிற்கும். 18 மில்லிமீட்டர் பலகையோ முப்பதைத் தாண்டும். பலமாக இருக்கட்டும் என்று எங்கும் தடித்த பலகையையே போடுகிறவர், படுக்கையும் தண்ணீரும் ஏறுவதற்கு முன்பே வண்டியின் சக்தியில் கணிசமான பாகத்தைச் செலவழித்துவிடுகிறார். ஆகையால் படுக்கும் தளத்துக்கு 12 மில்லிமீட்டர், பக்கச் சுவர்களுக்கு 6 மில்லிமீட்டர் என்று பிரித்துக்கொண்டு, கூரைச் சட்டம் உட்பட மொத்தப் பளுவை வண்டியின் கொள்ளளவில் பாதிக்குள் நிறுத்துவது மலைப் பாதைக்கு உகந்தது. பளு எவ்வளவு என்பதோடு அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். கனம் மேலே ஏற ஏற வளைவுகளில் வண்டி சாயும் நாட்டம் அதிகரிக்குமாதலால், நிற்கும் உயரத்துக்குக் கூரை எழுப்பும் ஆசையை விட்டு, நிமிர்ந்து உட்கார இடமிருந்தால் போதும் என்று திருப்தி அடைய வேண்டும்.

அகலவாட்டில் படுக்க இடம் போதாது. நீளவாட்டில் ஒரு பக்கமாக இரண்டரை அடி அகலத்துக்குப் பெட்டிபோல் ஒரு மேடை அமைத்து, அதன் முகப்பிலிருந்து இரவில் மட்டும் வெளியே இழுத்துக்கொள்ளும் கம்பைகளைச் செருகி வைத்தால், பகலில் திண்ணையாக இருப்பது இரவில் இருவர் படுக்கும் கட்டிலாகிவிடும். ஆணியடித்துச் செய்த மூட்டுகள் குலுங்கிக் குலுங்கிப் பிடி தளர்ந்துவிடும். பசையும் போல்ட்டும் சேர்த்து, சுழன்று கழலாத நைலான் நட்டு போட்டு முடுக்குவதே நெடுநாள் உழைக்கும். இழுப்பறைகளுக்கும் கதவுகளுக்கும் காந்தத்தை நம்பலாகாது. முதல் வளைவிலேயே பாத்திரங்கள் உருண்டு வரும். தாழ்ப்பாள் ஒன்றே அங்கே விசுவாசமான காவல்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்பது அனைவரும் அறிந்ததே. அரைகுறையாக நிரம்பிய பெரிய தொட்டிக்குள் அந்த நீர் வளைவுக்கு வளைவு ஒரு பக்கமாகப் பாய்ந்து வண்டியை இழுக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எனவே ஒரு பெரிய தொட்டிக்குப் பதிலாக இருபது லிட்டர் கேன்கள் மூன்றைப் படுக்கைக்கு அடியில், பின் அச்சுக்கு முன்னால், பட்டை போட்டு இறுகக் கட்டிவைப்பது உசிதம். காலியான கேனைத் தனியாகத் தூக்கிப்போய்க் குழாயடியில் நிரப்பிக்கொள்ளும் சௌகரியமும் இதில் உண்டு.

பனி கவியும் பிரதேசத்தில் தகரச் சுவருக்குள் உறங்குகிறவருக்கு வெளிமழையைக் காட்டிலும் உள்ளே உண்டாகும் ஈரமே பெரிய சத்துரு. ஒருவர் ஓர் இரவில் மூச்சாலும் வியர்வையாலும் ஒரு டம்ளருக்குக் குறையாத நீரை ஆவியாக வெளியிடுகிறார். அந்த ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளியாகி மெத்தைக்கடியில் சேர்ந்து பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே தெர்மாகோல் அல்லது ஃபோம் தகட்டை இடைவெளியில்லாமல் ஒட்டி, மெத்தையைக் காற்றோடும் கம்பைகளின்மேல் விரித்து, தாழ ஒன்றும் உயர ஒன்றுமாக இரண்டு காற்றுத் துவாரங்களை எந்தக் குளிரிலும் அடைக்காமல் வைத்திருந்தால் அந்த உபத்திரவம் பெரும்பாலும் நீங்கும்.

இதே துவாரங்கள் உயிரையும் காப்பவை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். மூடிய இடத்தில் எரியும் அடுப்போ வாசனையில்லாத விஷவாயுவை உண்டாக்கும். அடுப்பைப் பின்கதவின்மேல் மடக்குப் பலகையில் வைத்து, கதவு திறந்திருக்கையில் மட்டும் சமைக்கும்படி அமைப்பதும், குளிர் காய்வதற்காகக் கரி அடுப்பையோ ஸ்டவ்வையோ உள்ளே கொண்டுபோகாமலிருப்பதும் கண்டிப்பான நியமங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுமாதலால், குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை வேகவைக்கப் புகுந்தவர் வாயுவையும் பொறுமையையும் வீணாக்குவார்.

மின்சாரத்தின் கணக்கு எளியது. 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி பாட்டரி 1,200 வாட்-மணி சக்தி கொள்ளும். ஈய பாட்டரி கெடாமலிருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம். சிறு மின்விசிறி இரவு முழுவதும் ஓட 160, இரண்டு எல்இடி விளக்குகளுக்கு 50, கைப்பேசிகளுக்கு 30 என்று கூட்டினால் 240 ஆகிறது. சூரியத் தகடு இல்லாமலே இரண்டு இரவு தாராளமாகக் கழியும். மேகமூட்டமான நாட்களில் தகடு சொற்பமாகவே கொடுக்கும் இம்மலையில் இந்தக் கணக்கே நம்பத்தக்கது. பாட்டரியின் நேர்முனையை ஒட்டி ஒரு ஃபியூஸ் போடாமல் ஒயர் இழுப்பது, மரவீட்டுக்குள் நெருப்பை முடிந்துவைப்பதற்குச் சமானம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. நிரந்தரமாக ஒரு வாழும் வண்டி வேண்டுமென்பவர் அதற்குரிய அங்கீகாரத்தோடு கட்டப்பட்ட கேரவனையே நாட வேண்டும். மற்றவர்களுக்கு உகந்த வழி, சட்டகத்தையும் பாடியையும் வெட்டாமல், துளையிடாமல், மேடையையும் பெட்டிகளையும் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, சரக்கை ஏற்றுவதைப்போல் ஏற்றிக் கட்டி, திரும்பி வந்ததும் இறக்கிவைப்பதுதான். வண்டி ஓடும்போது பின்புறத்தில் ஆட்களை உட்காரவைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இத்தகைய அமைப்பில் சட்டத்தின் சிக்கல் குறைவதோடு, பிழைப்புக்குரிய வண்டி பிழைப்புக்கும் மிஞ்சுகிறது. ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் நேரே மலையேறாமல், வீட்டு வாசலிலேயே ஓர் இரவு வண்டிக்குள் சமைத்து உறங்கிப் பார்த்து, கை எட்டாத இடத்தில் இருப்பதையும், தலை இடிக்கும் மூலையையும், கையே படாத சாமான்களையும் குறித்துக்கொள்வது விவேகம். அந்தக் குறிப்பின்படி பாதிச் சாமான்களை வீட்டிலேயே இறக்கிவிட்டுப் புறப்படுகிறவருக்கு வளைவுகளில் வண்டியும் இலேசாகத் திரும்பும்.