பட்டும் படகும்
மாளிகைகளின் ஏரி என்று பெயரெடுத்த இத்தாலியின் கோமோவில் சாதாரண டிக்கெட்டுக்கும் இடமுண்டு

2018 நவம்பர் 14, 15 தேதிகளில் தீபிகா படுகோனும் ரன்வீர் சிங்கும் வடக்கு இத்தாலியில் கோமோ ஏரிக் கரையில் உள்ள வில்லா டெல் பால்பியானெல்லோ என்ற மாளிகையில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அழைக்கப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். புகைப்படங்களைப் பார்த்து ஏங்கியவர்களுக்குக் கணக்கில்லை. அன்றிலிருந்து இந்தியர்களுக்குக் கோமோ என்றால் கோடீஸ்வரர்களின் கல்யாண மண்டபம்.

அது பாதி உண்மைதான். ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனி வீடு வாங்கியதும் இந்தக் கரையில்தான். ஆனால் ஏரிக்குப் பெயர் கொடுத்த கோமோ நகரம், சாயப்பட்டறைகளும் நெசவாலைகளும் வளர்த்த ஊர். மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடோர்னா ஸ்டேஷனில் ஏறினால் ரயில் ஏறக்குறைய தண்ணீர் ஓரத்திலேயே இறக்கிவிடும்.

ஏரியின் வடிவம் தலைகீழாகப் பிடித்த கவட்டைக் கம்பு. தெற்கே நீளும் இரண்டு கிளைகளில் மேற்குக் கிளையின் நுனியில் கோமோ, கிழக்குக் கிளையின் நுனியில் லெக்கோ. கிளை பிரியும் முனையில் பெல்லாஜியோ. பரப்பு 146 சதுர கி.மீ.; ஆழம் 400 மீட்டருக்கும் மேல். லெக்கோ பக்கம் மட்டுமே தண்ணீர் வெளியேற வழி என்பதால், ஏரி நிரம்பினால் கோமோவின் சதுக்கத்தில் வெள்ளம் புகுந்துவிடும். இதைத் தடுக்க 2008ல் கரையோரம் வேலை தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு எழும்பிய சுவர் ஏரியையே மறைத்தது. ஊர் கொதித்தது. சுவர் இடிக்கப்பட்டது. வேலை மட்டும் பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்தது. வெள்ளத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், ஏரி கண்ணில் படாமல் போவதைப் பொறுக்கமாட்டார்கள் போலிருக்கிறது.

நகரத்தில் முதலில் பார்க்கவேண்டியது 1396ல் தொடங்கி, முடிக்க மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட தேவாலயம். அதன் வாசலின் இரு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்கள் புனிதர்கள் அல்ல. கிறிஸ்தவர்களே அல்லாத இரண்டு ரோமானியர்கள். மூத்த பிளினி, அவருடைய மருமகன் இளைய பிளினி. கி.பி. 79ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மாமா இறந்தார். மருமகன் அதைக் கடிதங்களாக எழுதிவைத்தார். இருவரும் கோமோக்காரர்கள் என்பதால் மதம் குறுக்கே வரவில்லை.

ஊரின் இன்னொரு பிள்ளை உலகம் முழுக்கத் தெரிந்தவர். மின்சாரத்தை அளக்கும் 'வோல்ட்' என்ற சொல் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டாவின் பெயர். 1745ல் இங்கே பிறந்தவர். துத்தநாகம், செம்பு வில்லைகளை உப்புநீரில் நனைத்த அட்டையோடு மாற்றி மாற்றி அடுக்கி, உலகின் முதல் பேட்டரியைச் செய்தார். அதன் நூற்றாண்டை 1899ல் பெரிய கண்காட்சி வைத்துக் கொண்டாடினார்கள். கண்காட்சி தீப்பிடித்தது. வோல்டாவின் கருவிகளில் பெரும்பகுதி சாம்பல். மிஞ்சியவையும், எரிந்தவற்றின் மாதிரிகளும் ஏரிக்கரையில் கோயில் போலவே கட்டிய வோல்டா நினைவகத்தில் இருக்கின்றன. லிரா நாணயம் புழக்கத்தில் இருந்தபோது 10,000 லிரா நோட்டில் ஒரு பக்கம் வோல்டா, மறு பக்கம் இந்தக் கட்டடம்.

அவர் இறந்த நூற்றாண்டுக்காக 1927 செப்டம்பரில் இங்கே கூடிய இயற்பியல் மாநாடு, அறிவியல் வரலாற்றில் ஒரு திருப்பம். எலெக்ட்ரான் துகளா அலையா என்ற குழப்பத்துக்கு நீல்ஸ் போர் தன் விடையை முதலில் சொன்னது இந்த மேடையில். சபையில் இருந்தவர்களில் இரண்டு இந்தியர்கள்: மேகநாத் சாகா, தேவேந்திர மோகன் போஸ். கோமோவுக்கு வந்த முதல் இந்தியப் பிரபலங்கள் சினிமாக்காரர்கள் அல்ல.

கரையிலிருந்து 1894 முதல் ஓடும் கயிற்று ரயில், சுமார் ஏழு நிமிடத்தில் புருனாத்தே மலைக் கிராமத்துக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து இன்னும் மேலே நடந்தால் வோல்டா பெயரில் ஒரு கலங்கரை விளக்கம். 143 படி. வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ் சிகரங்கள் வரிசையாகத் தெரியும்.

பெரும்பாலான பயணிகள் தவறவிடுவது பட்டு மியூசியம். 1990ல் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் சுற்றுவட்டாரக் குடியானவர் வீடுகளில் பட்டுப்புழு வளர்ந்தது. முட்டை பொரிய வெதுவெதுப்பு வேண்டும் என்று பெண்கள் அதைச் சின்னப் பைகளில் மார்போடு வைத்துக் காத்தார்கள். கூடுகளை வெந்நீர்த் தொட்டியில் போட்டு நூலெடுத்ததும் பெண்களும் சிறுமிகளும்தான். கை வெந்துபோகும் வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புழு வளர்ப்பு ஓய்ந்தது. நூல் சீனாவிலிருந்து வந்தது. சாயம், அச்சு, டிசைன் இவற்றில் கோமோ தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு பாரிஸ், மிலான் ஃபேஷன் நிறுவனங்களுக்குத் துணி கொடுத்தது. பிறகு துணியாகவே சீனாவிலிருந்து மலிவாக வரத் தொடங்கியதும் பல ஆலைகள் மூடின. எஞ்சியவை உயர்ரகத்தை நம்பி ஓடுகின்றன. மியூசியத்தில் தறிகளையும் அச்சு மேஜைகளையும் பார்த்தபின் கடைவீதியில் ஒரு ஸ்கார்ஃபின் விலை அவ்வளவு அநியாயமாகத் தோன்றாது. அவ்வளவுதான், வாங்கவேண்டும் என்பதில்லை.

மாளிகைகளைப் பார்க்கச் சிறந்த இடம் ஏரி நடுவே பொதுப் படகு. வேகப் படகில் பெல்லாஜியோ முக்கால் மணி. மெதுவான படகு, டவுன் பஸ் மாதிரி இக்கரையும் அக்கரையும் மாறி மாறி நின்று, இரண்டு மணி நேரம் எடுக்கும். மெதுவானதே மேல். ட்ரெமெட்ஸோவில் இறங்கினால் வில்லா கார்லோட்டா. ஏப்ரல், மே மாதங்களில் அதன் அசேலியாப் பூக்களுக்காகவே கூட்டம் வரும். லென்னோவில் இறங்கி சுமார் ஒரு கி.மீ. நடந்தால் தீபிகா மாளிகை. 1973ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இத்தாலியக் குழுவின் தலைவர் குய்தோ மோன்சினோவின் வீடு அது. 1988ல் இறந்தபோது இத்தாலியின் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டார். அதனால் டிக்கெட் வாங்கிய யாரும் போகலாம். காசே இல்லாமல் நடக்கவேண்டுமானால் கொலோன்னோவிலிருந்து சுமார் 10 கி.மீ. கரையோரப் பாதை இருக்கிறது.

வடக்கே டோங்கோ என்ற சிற்றூர். 1945 ஏப்ரல் 27 அன்று ஜெர்மன் சிப்பாயின் கோட்டைப் போட்டுக்கொண்டு லாரியில் தப்ப முயன்ற முசோலினி பிடிபட்டது அங்கே. மறுநாள் மெட்ஸெக்ராவில், ஒரு மாளிகை வாசலில் சுட்டுக் கொன்றார்கள்.

சாப்பாட்டில் மிஸ்ஸோல்த்தினி பிரசித்தம். ஏரி மீனை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, பிரிஞ்சி இலையோடு அடுக்கி அழுத்திவைப்பது. கருவாடுதான், சந்தேகமே வேண்டாம். சைவர்களுக்குச் சோளமாவுக் களியில் வெண்ணெயும் சீஸும் பூண்டும் சேர்த்த பொலெந்தா உண்டு.

கோடையில் படகுத்துறைகளில் வரிசை நீளும். குடியிருப்பு வீடுகள் பல, பயணிகளுக்கு நாள் வாடகை விடும் வீடுகளாக மாறியதில், உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது பெரும்பாடு. ஏப்ரல் கடைசியோ அக்டோபரோ போகிறவர்கள் இரு தரப்புக்கும் நல்லது செய்கிறார்கள். நவம்பருக்குப் பிறகு மாளிகைகள் பெரும்பாலும் மூடிவிடும். படகுகளும் குறையும். கடைசிப் படகின் நேரத்தை ஏறும்போதே குறித்துக்கொள்வது நல்லது. பெல்லாஜியோவில் அதைத் தவறவிட்டால், மலையோரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வளைந்து வளைந்து வரும் பஸ்தான் கதி. அதுவும் ஓடுகிற நேரமாக இருந்தால்.