காயம் ஆறும் காலம்: பகடை விளையாட்டுகளில் உயிர்ப்புள்ளிக் கணக்கு

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தின் பேச்சையும் செயலையும் ஏற்க, ஒருவர் மட்டும் நடுவராக இருந்து அந்த உலகையும் அதன் எதிரிகளையும் நடத்த, விளைவு உறுதியில்லாத செயல்களைப் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்ளும் விளையாட்டு வகை, 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டின் வழியாகப் பரவலாயிற்று. சண்டையும் ஆபத்தும் நிறைந்த இவ்விளையாட்டுகளில், வெட்டுண்ட பாத்திரத்துக்கு என்ன நேரும், அது எப்போது மீண்டும் எழுந்து நடக்கும் என்பதை விதிநூலே சொல்லியாக வேண்டும். அவ்விதிகளை ஒப்பிட்டுப் பார்த்தால், காயம் படும் விதியைவிடக் காயம் ஆறும் விதியே ஒரு விளையாட்டு எத்தகைய கதைகளைத் தரும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது தெளிவாகும்.

இவ்விளையாட்டுக்கு முன்னோடியாக 1971இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டில், சாதாரணப் படைவீரனைக் குறிக்கும் பொம்மை ஒரே அடியில் களத்திலிருந்து அகற்றப்பட்டது. நூற்றுக்கணக்கான வீரர்களை ஒருவரே நகர்த்தும் ஆட்டத்துக்கு அது பொருந்தியது. ஆனால் ஆர்னசன் நடத்திய ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாத்திரத்தை வாரக்கணக்கில் வளர்த்து அதனோடு ஒன்றிப்போயிருந்தமையால், ஒரே அடியில் அதனை இழப்பதை எவரும் விரும்பவில்லை. ஆகவே, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து இரும்புக்கவசக் கப்பல்களைப் பற்றிய ஒரு கடற்போர் விளையாட்டிலிருந்து, ஒரு கப்பல் மூழ்குமுன் எத்தனை தாக்குதல்களைத் தாங்கும் என்ற கணக்கை எடுத்து மனிதர்களுக்குப் பொருத்தியதாக ஆர்னசன் பின்னாளில் கூறினார். ‘ஹிட் பாயிண்ட்’ எனப்படும் உயிர்ப்புள்ளி இவ்வாறு பிறந்தது. பாத்திரத்துக்கு ஓர் எண் உண்டு. அடி விழும்போதெல்லாம் பகடை காட்டும் அளவு அதிலிருந்து கழிக்கப்படும். எண் சுழியைத் தொடும்போது பாத்திரம் வீழும்.

கப்பலிலிருந்து வந்த இக்கணக்கு மனித உடலில் முழுமையாகப் பொருந்தவில்லை. அனுபவம் கூடக்கூட உயிர்ப்புள்ளியும் கூடும் என்பதால், தொடக்கநிலை வீரனைக் கொன்றுவிடும் எட்டுப் புள்ளி வாள்வீச்சு, அறுபது புள்ளி கொண்ட தேர்ந்த வீரனை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. அவனுடைய சதையும் எலும்பும் பன்மடங்கு தடித்துவிட்டனவா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. 1979இல் வெளியான நடுவர் கையேட்டில் கைகாக்ஸ் இதற்கு விரிவாக விடையளித்தார்: உயிர்ப்புள்ளியில் சிறு பங்கே உடலின் தாங்குதிறன், எஞ்சியது போர்த்திறமையும் நல்லூழும் தெய்வத்துணையும் சேர்ந்தது என்பது அவர் தந்த விளக்கம். விளக்கம் சிறந்ததே, ஆனால் அதே விளையாட்டில் பூசாரி வகைப் பாத்திரம் ஓதும் குணப்படுத்தும் மந்திரம் காயத்தை ஆற்றும் மந்திரம் என்றே பெயரிடப்பட்டுள்ளது. அது மீட்டுத்தரும் ஒன்று முதல் எட்டு வரையான புள்ளிகள் சாகக்கிடக்கும் குடியானவனை முழு நலத்தோடு எழுப்பிவிட, பெருவீரனுக்கோ ஒரு கீறலை மட்டுமே ஆற்றுகின்றன. 2008இல் வந்த நான்காம் பதிப்பு கைகாக்ஸின் விளக்கத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்று, ‘வார்லார்ட்’ என்ற படைத்தலைவன் ஊக்கச்சொல் கூறியே தோழரின் உயிர்ப்புள்ளியை மீட்கலாம் என்றது. இழந்தது துணிவும் உறுதியும் என்றால் சொல்லால் அவை திரும்புவதில் வியப்பில்லை. எனினும், பேச்சினால் புண் ஆறுமா என்று ஆட்டக்காரர்கள் நெடுநாள் வாதிட்டனர்.

ஓய்வினால் இயல்பாக ஆறும் காலத்தை இவ்விளையாட்டின் பதிப்புகள் தொடர்ந்து சுருக்கிவந்துள்ளன. 1979ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு நாள் ஓய்வுக்கு ஒரு புள்ளியே மீளும். நான்கு வாரம் இடைவிடாது ஓய்வெடுத்தால் எவரும் முழு நலம் பெறுவர். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஓரிரவு உறக்கத்துக்குப் பாத்திரத்தின் அனுபவ நிலை எவ்வளவோ அவ்வளவு புள்ளிகள் மீண்டன. 2014இன் ஐந்தாம் பதிப்பிலோ எட்டு மணி நேர ஓய்வு முழு உயிர்ப்புள்ளியையும் திருப்பித் தந்துவிடுகிறது. 1979இன் விதிப்படி ஆடும்போது, நிலவறைக்குள் இறங்கும் குழு ஒவ்வொரு கதவையும் திறக்கத் தயங்கும்; பூசாரி இல்லாமல் புறப்படத் துணியாது; ஒரு சண்டைக்குப்பின் ஊர் திரும்பினால் பருவமே மாறிவிடக்கூடும். ஐந்தாம் பதிப்பில் நேற்றைய சண்டை இன்றைய காலையைத் தொடுவதில்லை, கதை நாளுக்கு நாள் விரைந்து செல்லும். ஐந்தாம் பதிப்பின் நடுவர் கையேடே, நீண்ட ஓய்வு என்பதை எட்டு மணி நேரத்திலிருந்து ஏழு நாளாக நீட்டும் ஒரு விருப்ப விதியைத் தருகிறது. வேறெதையும் மாற்றாமல் இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே, துணிகர வீரர்களின் ஆட்டம் எச்சரிக்கையான மனிதர்களின் ஆட்டமாகிவிடுகிறது.

சுழியில் வீழ்தலும் இவ்வாறே தளர்ந்தது. 1974இல் சுழி என்றால் சாவு. ஐந்தாம் பதிப்பில் வீழ்ந்தவர் தம் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டி, பத்தோ அதற்கு மேலோ மும்முறை பெற்றால் பிழைப்பார், மும்முறை தவறினால் இறப்பார். இதற்கிடையே யாரேனும் ஒரே ஒரு புள்ளியை மீட்டுத்தந்தாலும் அவர் எழுந்து முழு வலிமையோடு போரிடலாம் என்பதால், தோழர் வீழும்வரை காத்திருந்து மருந்தளிப்பதே சிக்கனம் என்ற விந்தையான பழக்கம் உருவாகியுள்ளது. அடிபட்டவரை உடனே கவனிக்கும் இயல்பான மனித உணர்வுக்கு எதிராக ஆட்டக்காரரைத் தூண்டும் விதி, எவ்வளவு எளிமையாக இருப்பினும், குறையுள்ள விதியே.

உடலையே நேராகச் சித்திரிக்க முயன்ற விளையாட்டுகளும் உண்டு. 1977இன் ‘டிராவலர்’ தனி உயிர்ப்புள்ளி எதுவுமின்றி, அடியை வலிமை, லாவகம், தாங்குதிறன் ஆகியவற்றிலிருந்தே கழித்தது. 1978இன் ‘ரூன்குவெஸ்ட்’ தலை, மார்பு, வயிறு, கைகள், கால்கள் என உடலை ஏழாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக்கணக்கு வைத்தது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஸ்டீவ் பெரின் இடைக்காலப் போர்முறைகளை மீட்டு நிகழ்த்தும் சங்கத்தில் வாள் சுழற்றிப் பழகியவர். உண்மைக்கு நெருங்கிய இத்தகைய விதிகளுக்கும் ஒரு விலை உண்டு: அடிபட்டவர் தளர்கிறார், தளர்ந்தவர் மேலும் அடிபடுகிறார், முதல் அடியிலேயே முடிவு ஏறக்குறைய எழுதப்பட்டுவிடுகிறது. இதை ஆட்டக்காரர்கள் மரணச்சுழல் என்பர்.

2013இல் வெளிவந்த ‘ஃபேட் கோர்’ காயத்தை எண்ணாலன்றிச் சொல்லால் குறிக்கிறது. பெரிய அடியைத் தாங்க விரும்புபவர் ‘முறிந்த கால்’ என்பதுபோல் ஒரு விளைவைத் தம் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எதிரி அந்தச் சொல்லைச் சுட்டியே தாக்குதலுக்கு வலுச்சேர்க்கலாம். சிகிச்சை நடந்ததும் அது ‘கட்டுப்போட்ட கால்’ என்பதுபோல் பெயர் மாறி, இலேசானதாயின் அடுத்த ஒரு காட்சி வரையும், நடுத்தரமானதாயின் ஓர் அமர்வு வரையும், கடுமையானதாயின் ஒரு கதைப்பகுதி முழுதும் நீடிக்கும். ஆறும் காலத்தை நாட்களால் அளக்காமல் கதையின் அலகுகளால் அளந்த இவ்விதி, மற்றவை மறைமுகமாகச் செய்ததை வெளிப்படையாகவே செய்கிறது.

சாண்டி பீட்டர்சன் 1981இல் உருவாக்கிய ‘கால் ஆஃப் கதுல்ஹூ’ என்ற திகில் விளையாட்டு, உடற்காயத்தோடு மனநலத்துக்கும் ஒரு கணக்கை வைத்தது. கொடுங்காட்சிகளால் குறையும் மனநலப் புள்ளிகளைச் சிகிச்சையால் ஓரளவு மீட்கலாம். ஆனால் அக்காட்சிகளுக்குப் பின்னுள்ள அமானுட சக்திகளைப் பற்றிய அறிவு எத்தனை விழுக்காடு கூடுகிறதோ, மனநலத்தின் உச்சவரம்பு அத்தனை புள்ளி நிலையாகக் குறைந்துவிடும். எந்த மருத்துவமும் அதை ஈடுசெய்யாது. அதனால் இவ்விளையாட்டில் நெடுநாள் நீடித்த பாத்திரங்கள், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வீரர்களைப் போல் வலுத்துக்கொண்டே செல்லாமல், அறிந்ததன் அளவுக்கு நலிந்து, பல வேளைகளில் உயிரோடிருக்கும்போதே ஆட்டத்திலிருந்து விடைபெறுகின்றன.