வாடகைக் காரில் ஏறுமுன்

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஓரிரவு பதினொன்றரை மணியளவில் பங்கு இல்லத்துத் தொலைபேசி ஒலித்தது. "சாமி, மரக்காணம் தாண்டி வண்டி மரத்தில் மோதிவிட்டது. அம்மாவுக்குக் கையில் அடி" என்று பதறிய குரல் நம் பங்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் மகளுடையது. ஆசிரியைக்குச் சென்னையில் இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து அன்றுதான் வீடு திரும்பினார்கள். அவர்களை அழைத்து வரப் போன காரின் உரிமையாளருடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்தது நாமே. ஆகவே இக்கட்டுரையை யாரையும் குறை கூற எழுதவில்லை; குறை கூறுவதாயின் நம்மிலிருந்தே தொடங்க வேண்டும்.

நம்மிடம் வந்து, "நல்ல வண்டியாக ஒன்று சொல்லுங்கள்" எனக் கேட்பவர் பலர். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே தூரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். ஆயினும் கடலோரமாக இவ்விரு நகரங்களையும் நேரே இணைக்கும் இருப்புப் பாதை கிடையாது. 1879-இல் போடப்பட்ட பாதை புதுச்சேரியை விழுப்புரத்தோடு இணைக்கிறது. இன்றும் இரயில் அவ்வழியே சுற்றித்தான் சென்னை சேர்கிறது. பேருந்துகள் நிறைய உண்டு. ஆனால் நோயாளியையோ, கைக்குழந்தையையோ, வெளிநாட்டிலிருந்து பெட்டிகளோடு வந்திறங்கும் மகனையோ அழைத்து வருவதற்குப் பேருந்து எல்லா வேளைகளிலும் உதவாது. நாம் சிறுவனாயிருந்த காலத்தில் அம்பாசிடர் கார் ஒன்றை வாடகைக்கு அமர்த்துவது ஊரே அறியும் நிகழ்ச்சி. இன்றோ கைத்தொலைபேசியில் விரலை வைத்தால் கார் வாசலில் வந்து நிற்கிறது. எந்தக் கார், யாருடைய கார், என்ன பேச்சு என்பவற்றைக் கேட்கும் வழக்கம் மட்டும் அந்த அம்பாசிடரோடு போய்விட்டது போலும்.

அந்த இளைஞர் நல்லவர். கடன் வாங்கிச் சொந்தக் கார் வாங்கி, மாதத் தவணை கட்டுவதற்காகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் வாடகைக்கு ஓட்டி வந்தார். காரில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துகள். அதாவது சட்டப்படி அது குடும்ப உபயோகத்துக்கான தனியார் வாகனம். வாடகைக்கு ஓடும் வாகனத்துக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துகள் இருக்க வேண்டும். மின்சார வாடகை வண்டியாயின் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்துகள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகள் காணப்பட்டால், அது நாமே ஓட்டிச் செல்வதற்காக வாடகைக்கு விடப்படும் கார் எனக் கொள்க. இவ்வளவும் நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும், "நம் பிள்ளைதானே, நாலு காசு கிடைக்கட்டும்" என்று எண்ணினோம்.

அந்த எண்ணத்தின் விலை பின்னர் தெரிந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி அனுமதி பெறாமல் வாகனத்தை வாடகைக்கு ஓட்டலாகாது. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்க வழியுண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. தனியார் காருக்கான காப்பீட்டுப் பத்திரத்தில், வாடகைக்கு ஓட்டினால் இது செல்லாது என்னும் நிபந்தனை அச்சிடப்பட்டிருக்கும். விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தார் முதலில் விசாரிப்பது இதைத்தான். அவ்விளைஞரிடமும் கேட்டார்கள், அவர் பொய் சொல்லவில்லை. வண்டியின் பழுதுக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. கார் பட்டறையிலேயே மாதக்கணக்கில் கிடந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை. ஆசிரியையின் கைமுறிவுச் செலவையும் அவர் குடும்பமே ஏற்றது. வழக்குத் தொடரலாமென்று சிலர் சொன்னபோது, "அந்தப் பிள்ளையை இன்னும் என்ன செய்வது?" என ஆசிரியை மறுத்துவிட்டார். அவ்விளைஞரைக் காணும்போதெல்லாம் நமக்கு இன்றும் நெஞ்சு உறுத்துகிறது.

நிற்க. விபத்துக்கு நேர்க்காரணம் பலகையின் நிறமன்று, தூக்கம். அந்நாளின் நேரக் கணக்கை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும்; ஏனெனில் இது நம் வீடுகள் பலவற்றில் நடப்பது. மருத்துவமனையில் காலை பத்து மணிக்கே, "இன்று வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உடனே புதுச்சேரிக்குத் தொலைபேசியில் சொல்லி வண்டியை வரவழைத்தார்கள். வண்டி இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டது. ஆனால் மருத்துவக் காப்பீட்டின் ஒப்புதல் வந்து கணக்கு முடிய இரவு எட்டரை மணி ஆயிற்று. அதுவரை அவ்விளைஞர் வெயிலில் நின்ற காருக்குள் காத்துக் கிடந்தார். அன்று விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வேறொருவரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு, ஊர் திரும்பி, மீண்டும் சென்னைக்குப் புறப்பட்டவர் அவர். இரவு ஒன்பது மணிக்கு நோயாளியை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது, கண் விழித்துப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் சாப்பிட்டாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கென 1961-இல் இயற்றப்பட்ட சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என வரையறுத்தது. சொந்தக் காரைத் தானே ஓட்டுபவனுக்கு அவ்வரம்பை யார் நினைவூட்டுவார்?

ஆகவே மருத்துவமனையிலிருந்து அழைத்து வருவோருக்கு நாம் சொல்வது இது: "போகலாம்" என்று மருத்துவர் சொன்னவுடன் வண்டிக்குச் சொல்லாதீர்கள். கணக்கு முடிந்து சீட்டு கைக்கு வந்தபின் சென்னையிலேயே ஒரு வண்டியை ஒருவழிப் பயணமாக அமர்த்துங்கள். இருட்டிவிட்டதாயின், இயலுமானால் அன்றிரவு உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி விடியற்காலையில் புறப்படுங்கள். ஓரிரவு அறை வாடகைக்குக் கணக்குப் பார்த்தோர் பின்னர் என்ன கணக்குப் பார்க்க நேர்ந்தது என்பதை நாம் கண்டோம்.

ஒருவழி, இருவழி என்பதைப் பற்றிச் சற்று விளக்குவோம். வாடகைக் கார் தொழிலில் வெளியூர்ப் பயணத்துக்கு இருவகைக் கணக்கு உண்டு. போய்த் திரும்பும் பயணமாயின், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசி, நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டருக்கான தொகையை வாங்குவது பலருடைய வழக்கம். 'டிராப்' எனப்படும் ஒருவழிப் பயணத்தில் கிலோமீட்டர் விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆனால் போகும் தூரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். இதற்கும் 130 கிலோமீட்டர் என்பது போன்ற குறைந்த அளவு ஒன்றைச் சொல்வார்கள். சென்னை–புதுவைத் தூரம் அதைத் தாண்டிவிடுவதால் அதுபற்றிக் கவலையில்லை.

இருவழிக் கணக்கில் 'நாள்' என்னும் சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல டிராவல்ஸ் நிறுவனங்களில் நாள் என்பது இருபத்து நான்கு மணி நேரமன்று. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு அடுத்த நாள் பிறந்துவிடும். கிலோமீட்டருக்கு ரூ.14 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காலையில் புறப்பட்டு அன்றே திரும்பினால் 300 கிலோமீட்டருக்கு ரூ.4,200. அதே பயணத்தை இரவு பத்து மணிக்குத் தொடங்கி, விமானத்தில் வருபவரை ஏற்றிக்கொண்டு அதிகாலையில் திரும்பினால், இரண்டு நாள் எனக் கணக்கிட்டு 500 கிலோமீட்டருக்கு ரூ.7,000 கேட்பார்கள், ஓட்டுநர் பேட்டாவும் இரட்டிப்பாகும். இதை மோசடியென்று சொல்லிவிட முடியாது. அவர்களுடைய நிபந்தனையில் எழுதியிருக்கும். படிக்காதது நம் பிழை. ஆயினும் முன்பணம் கொடுக்குமுன் கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருகிறார்கள் என்பதும் நம் அனுபவம். கிலோமீட்டர்க் கணக்கு நம் வாசலிலிருந்தா, அவர்களுடைய ஷெட்டிலிருந்தா என்பதையும் அப்போதே கேட்டுவிடுக. ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் தர்க்கம் எழாது.

சுங்கக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். மீனம்பாக்கம் விமான நிலையம் ஜி.எஸ்.டி. சாலையில் இருப்பதால், அங்கிருந்து வரும் ஓட்டுநர்கள் பெரும்பாலும் செங்கற்பட்டு, திண்டிவனம் வழியாகவே வருவார்கள். பரனூர், ஆத்தூர், மொரட்டாண்டி எனச் சுங்கச் சாவடிகள் வரும். திருவான்மியூர், அடையாறுப் பக்கத்திலிருந்து வருவோர் கோவளம், மாமல்லபுரம், மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருவர். கண்ணுக்கு இனியது இரண்டாவது வழி: பாலாற்றுப் பாலமும் மரக்காணத்து உப்பளங்களும் பகலில் பார்க்கத் தக்கவை. இரவில் நோயாளியோடு வருவதற்கு நாம் திண்டிவனம் வழியையே சொல்வோம். நடுவே தடுப்போடு கூடிய அகலமான சாலை, வழியெங்கும் உணவகங்கள், அவசரத்துக்கு மருத்துவமனைகள். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இருவழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் கட்டணம். ஃபாஸ்டேக் கணக்கில் அது தானாகவே கழிந்துவிடும். ஆகவே சுங்கத்தை இரு மடங்காகக் கேட்டால், ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்லலாம்.

புதுச்சேரி தனி ஆட்சிப் பகுதி என்பதை அங்கேயே வாழும் நாம் மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டு அனுமதி மட்டுமுள்ள வண்டியா, அகில இந்தியச் சுற்றுலா அனுமதி பெற்ற வண்டியா என்று கேட்பது நல்லது. எல்லையில் கட்டணம் ஏதேனும் செலுத்த நேர்ந்தால் அது பேசிய தொகையில் அடங்குமா என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்; பாதி வழியில் நடக்கும் பேரத்தில் பயணிக்கு வெற்றி கிடையாது.

வண்டியின் எண் முன்பே தெரிந்துவிட்டால், அரசாங்கத்தின் எம்பரிவாகன் செயலியில் அதைப் பதிந்து பார்க்கலாம். வாடகை வாகனமா, காப்பீடும் தகுதிச் சான்றும் நடப்பில் உள்ளனவா என்பதை அது காட்டிவிடும். வீட்டிலுள்ள கல்லூரிப் பிள்ளைக்கு இது இரண்டு நிமிட வேலை. முன்பெல்லாம் ஓட்டுநரிடம் பேட்ஜ் உண்டா எனக் கேட்பது வழக்கம். இலகு ரக வாகன உரிமம் உடையவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டமையால், அந்தக் கேள்வி இப்போது அவ்வளவு முக்கியமில்லை. "நேற்றிரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், தம்பி?" என்ற கேள்விதான் முக்கியம்.

பின்னிருக்கையில் இருப்பவருக்கும் இருக்கைப் பட்டை சட்டப்படி கட்டாயம். 2022 செப்டம்பர் 4 அன்று அகமதாபாத்திலிருந்து மும்பைக்குச் சென்ற தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது, பின்னிருக்கையில் பட்டை அணியாமல் இருந்தார் என்று காவல்துறையினர் தெரிவித்தனர். அத்துணை விலையுயர்ந்த காரும் அவரைக் காக்கவில்லை. மார்பெலும்பைத் திறந்து அறுவை செய்தவர்கள் பட்டை உறுத்துமென்று அஞ்சி அதைத் தவிர்க்கிறார்கள். மருத்துவர்கள் சொல்வதோ வேறு: சிறு தலையணையை மார்போடு அணைத்து, அதன்மேல் பட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும், காற்றுப்பை இருக்கும் முன்னிருக்கையைத் தவிர்த்துப் பின்னால் அமர வேண்டும், ஒன்று அல்லது ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடக்க வேண்டும். நம் ஆசிரியை அன்று பட்டை அணிந்திருந்தார், மகளின் பிடிவாதம். மார்பின் தையலுக்கு ஒன்றும் நேரவில்லை. முன்னிருக்கையைப் பற்றிய கை மட்டும் மணிக்கட்டில் முறிந்தது.

மூன்று திங்கள் கழித்து அவர்கள் மறுபரிசோதனைக்குச் சென்னை செல்ல வேண்டியிருந்தது. இம்முறை நம்மிடம் எண் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்கும் துணிவு நமக்கு இருந்திராது. டாக்சி ஸ்டாண்டில் மஞ்சள் பலகை வண்டி ஒன்றைப் பேசி, வாடகை, பேட்டா, சுங்கம் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, காலை ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். திண்டிவனத்தில் நிறுத்தி ஓட்டுநரையும் தங்கள் மேசையிலேயே உட்கார வைத்து இட்டிலி சாப்பிட்டார்களாம். அவ்விளைஞர் தம் காரைப் பழுது பார்த்து, வாடகை வாகனமாக மாற்றிப் பதிவு செய்ய இப்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறார். அதற்கான கட்டணத்தில் ஒரு பகுதியை ஆசிரியை கொடுத்தார் என்பது நமக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும்.