சூடான பானமும் குழந்தையின் சுவாசமும்

நமது கோயில் அன்னதானக் கூடத்தில் முதலுதவித் தொண்டு செய்துவரும் தாதி என்ற முறையில், அன்பர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஒரு செய்தியைக் கூற விழைகிறேன். சூடான தேநீர் கையிலோ காலிலோ கொட்டிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். அதே தேநீர் குழந்தையின் தொண்டைக்குள் இறங்கினால் என்ன நேரும் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

நாக்கின் அடிப்புறத்தில் குரல்வளை மூடி என்று ஒரு சிறு மடல் உண்டு. உண்ணும் பொருள் மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடாமல் காப்பது அதன் வேலை. கொதிக்கும் பானம் பட்டால் அந்த மடலும் சுற்றியுள்ள தசையும் வீங்குகின்றன. 8 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரியவரின் மூச்சுவழியில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் பாதிக்கு மேல் வழி எஞ்சியிருக்கும். 4 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள குழந்தைக்கோ முக்கால் பங்கு அடைபட்டுவிடும்.

இதில் அச்சத்திற்குரியது, வீக்கம் உடனே தெரியாமல் போவதுதான். பிள்ளை சற்று அழுது, ஓய்ந்து, விளையாடவும் தொடங்கலாம். சில மணி நேரம் கழித்தே மூச்சு திணறும். வாய்க்குள் கொப்புளம் இல்லை என்பதைக் கொண்டு தொண்டையும் நலமென்று எண்ணிவிடலாகாது. எச்சில் வழிதல், விழுங்க மறுத்தல், குரல் கம்முதல், மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற ஒலி, முன்னே சாய்ந்தே உட்கார்ந்திருத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே 995 எண்ணை அழையுங்கள். மலேசியாவில் 999. குழந்தையை நிமிர்த்தியே வைத்திருங்கள். படுக்க வைக்க வேண்டாம். கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்ப்பதும், வாந்தி எடுக்கச் செய்வதும், உண்ணக் கொடுப்பதும் கூடாது. முகத்திலும் மார்பிலும் சிந்தியிருந்தால் ஈரத்துணியைக் களைந்து, 20 நிமிடம் குழாய் நீரை ஓடவிடுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். (பாட்டிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது!) அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், சூடாக விழுங்கிய பிள்ளையை மருத்துவரிடம் காட்டிவிடுவதே முறை.

இது எப்படி நேர்கிறது? பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கும் 'தே'யில் உறிஞ்சு குழல் செருகியிருக்கும். கோப்பையில் குடித்தால் உதடு முதலில் எச்சரிக்கும். குழலோ சூட்டை நேரே தொண்டையருகே கொண்டு சேர்க்கிறது. தேநீர்க் கூஜாவின் மூக்கில் வாய் வைத்து உறிஞ்சும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். மைக்ரோவேவ் அடுப்பில் சுடவைத்த புட்டிப்பால் இன்னொன்று: புட்டி வெதுவெதுப்பாக இருக்க, உள்ளே பால் இடத்துக்கு இடம் கொதித்திருக்கும். சுடுநீரில் புட்டியை வைத்துச் சூடாக்கி, குலுக்கி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

அன்னதானத்திற்குத் தேநீர் வழங்கும் உபயதாரர்கள், தேநீர்க் கலனைப் பிள்ளைகளின் கைக்கெட்டாத மேசையில், சுவரோரமாக வைக்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.