போர் கேமில் தமிழ்ச் சிப்பாய் வந்தால் வரலாற்றுப் பிழையா?

2018-இல் ‘பேட்டில்ஃபீல்டு 5’ கேமின் டிரெய்லர் வந்தபோது, செயற்கைக் கையோடு இரண்டாம் உலகப் போரில் சண்டையிடும் பிரிட்டிஷ் பெண்ணைப் பார்த்துப் பலர் கொதித்தார்கள். வரலாற்றையே மாற்றுகிறார்கள் என்பது புகார். பெங்களூரு ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் மொபைலில் துப்பாக்கி கேம் ஆடும் பிள்ளைகள் காதிலும் இந்தச் சண்டை விழுந்திருக்கும். யார் சொல்வது சரி என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: எந்தப் படை, எந்தக் களம், அங்கே அவருக்கு என்ன வேலை என்று கேளுங்கள்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் வண்டி மாறினால் அல்சூர். அங்கேதான் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம். பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் இவர்கள் வேலை. ராணுவத்தில் இவர்களைச் செல்லமாக ‘தம்பி’ என்பார்கள். இந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கவிருந்த ஒன்றின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். ஆகவே இத்தாலியில் நடக்கும் கேமில் தமிழ் பேசும் சாப்பர் வந்தால் அது சரியான வரலாறு; ஒருவர்கூட வராவிட்டால்தான் இடிக்கிறது.

அதே ‘பேட்டில்ஃபீல்டு 5’-இல் உண்மையான சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. நார்வேயின் கனநீர் ஆலையை 1943-இல் தகர்த்தவர்கள் பிரிட்டனில் பயிற்சி பெற்ற நார்வே கமாண்டோக்கள். கேமில் அந்த வேலையைச் செய்வது சோல்வெய்க் என்ற கற்பனைப் பெண். நார்வேயின் எதிர்ப்பு இயக்கத்தில் பெண்கள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பெயர் தெரிந்த மனிதர்கள் செய்ததை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தது தப்பு. அவர் ஆணாக இருந்திருந்தாலும் தப்புதான். இதற்கு முந்தைய ‘பேட்டில்ஃபீல்டு 1’-இல், 1915-இல் சோதனை அளவில் மட்டுமே இருந்த ஹெல்ரீகல் துப்பாக்கியை ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். அதற்கு இவ்வளவு சத்தம் எழவில்லை.

பெங்களூரு நிறுவனமான என்கோர் கேம்ஸ் 2021 குடியரசு தினத்தன்று வெளியிட்ட ‘ஃபௌஜி’யையும் இப்படிச் சோதிக்கலாம். கதை நடப்பது சீன எல்லையிலுள்ள கல்வானில், கதாநாயகன் சீக்கியர். 2020 ஜூனில் அங்கே உயிரிழந்த 20 இந்திய வீரர்களில் சீக்கியர்களும் உண்டு, ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் உண்டு. துப்பாக்கிச் சூடு இல்லாமல் கைகலப்பாகக் காட்டியதும் நடந்ததுதான். ஒற்றை ஆள் கூட்டத்தையே அடித்து வீழ்த்துவது மட்டும் சினிமா.

கடினமான கேள்வி, பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படை. 1943-இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமி தலைமையில் உருவானது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள், பலர் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். துப்பாக்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டு பர்மா வரை போனார்கள். ஆனால் இம்பால் போர்முனையில் இறங்கிச் சண்டையிட அவர்களுக்கு வாய்ப்பு வரவில்லை. எனவே சீருடையில் தமிழ்ப் பெண்ணைக் காட்டினால் உண்மை. இம்பாலில் அவள் பிரிட்டிஷாரைச் சுட்டு வீழ்த்துவதாகக் காட்டினால் கற்பனை. அவர்கள் நிஜமாகப் பட்டது 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கிய பயணம்: விமானத் தாக்குதலுக்குப் பயந்து இரவில் நடை, வழியெல்லாம் ஆறுகள். சுடுவதற்கு ஆளே இல்லாத அப்படியொரு கேமை எந்த நிறுவனம் எடுக்குமோ தெரியாது. எடுத்தால் நான் காசு கொடுத்து வாங்குவேன்.